இசபெல்லாவுக்கு வெந்நீர்

ஹாரோ தீர்க்ஸ் தன் பனைகளுக்குக் குளிருடுப்பு மாட்டத் தொடங்கும் நாளில், ஃபென்னா சமையலறையின் தோட்டத்துப் பக்கத்துத் திரையை இழுத்துவிடுவாள். பதினேழு வருடமாக அப்படித்தான். கட்டிய புருஷன் ஏணியில் நின்றுகொண்டு ஒரு மரத்தின் ஓலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, சடை பின்னுவதுபோல் கயிற்றால் சுற்றி, "இன்னும் கொஞ்சம்மா, ம்ம், அவ்வளவுதான்" என்று அதனிடம் கொஞ்சுவதை எந்தப் பெண் உட்கார்ந்து பார்ப்பாள்?

ஹாரோ துறைமுகச் சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒருமுறை இருவரும் டெனெரிஃப் தீவுக்கு விடுமுறைக்குப் போனார்கள். அங்கே வெயிலில் அவன் மூக்கு உரிந்தது. கூடவே புத்தியும் கொஞ்சம் உரிந்துவிட்டது என்பது ஃபென்னாவின் கருத்து. திரும்பி வந்ததும் தங்கள் லேர் ஊரின் ஈரக் களிமண்ணில், வடகடல் காற்றுக்கு நேர் எதிரே, நான்கு குழி தோண்டினான். இரண்டு சீனப் பனை, ஒரு கேனரி ஈச்சை, ஒரு சிலி நாட்டுத் தேன்பனை. தேன்பனைக்குப் பெயரும் வைத்தான், இசபெல்லா என்று. அவர்கள் வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் பெயர் தேடியது ஃபென்னாதான். அப்போது அவனுக்கு நேரமில்லை.

சீனப் பனைகளுக்குக் காலடியில் வைக்கோலும் மேலே வெள்ளைக் குளிர்த்துணியும் போதும். ஈச்சைக்கு அதற்கு மேல் நாணல் பாயும் ஒரு தெர்மாமீட்டரும். இசபெல்லாவுக்கோ தனி மாளிகை: உள்ளே தெர்மாகோல் ஒட்டிய இரண்டு மீட்டர் உயர மரப்பெட்டி, பக்கத்தில் ஒரு கதவு, மேலே மூடி, அடிமரத்தைச் சுற்றிச் சூடு தரும் ஒயர், அந்த ஒயரைத் தானே போட்டு அணைக்க ஒரு தெர்மோஸ்டாட், அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு தெர்மாமீட்டர், அந்த இரண்டையும் பார்க்க ஹாரோ. இந்தக் காவலால் பதினேழு குளிர்காலத்தில் ஒரு நாள்கூட அவர்கள் வெளியூரில் தங்கியதில்லை. ஃபென்னாவின் தங்கை ஆன்ட்யே ப்ரேமன் நகரில் இறந்தது ஒரு பிப்ரவரியில். அன்று மைனஸ் பன்னிரண்டு. "நீ போயிட்டு வா, நான் வந்தா ஒயரை யாரு பார்ப்பா?" என்றான் ஹாரோ. ஃபென்னா கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு தனியாக ரயிலேறினாள். அன்றோடு அவன்மேல் இருந்த கோபம்கூடப் போய்விட்டது. கோபப்பட ஒரு ஆள் வேண்டுமே. மிஞ்சியது இளக்காரம்தான். அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது. கத்த வேண்டாம், அழ வேண்டாம், திரையை இழுத்துவிட்டால் போதும்.

இந்த முறை குளிர் பிந்தியதால் அவன் டிசம்பர் முதல் சனிக்கிழமைதான் அவசரமாகத் தொடங்கினான்; மாலையில் திரைக்கு அந்தப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. ஃபென்னா வெளியே போய்ப் பார்த்தாள். ஏணி புல்தரையில் சாய்ந்து கிடந்தது. ஹாரோ வைக்கோலில் மல்லாந்து கிடந்தான், ஒரு கால் ஏடாகூடமான திசையில் திரும்பியிருந்தது, முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"மூடி..." என்றான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஃபென்னா, மூடியைப் போடு மொதல்ல. ராத்திரி பனி விழும்."

"வாயை மூடு மொதல்ல" என்று சொல்லிவிட்டு அவள் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தாள்.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அறுவை செய்தார்கள், புண் சீழ் பிடித்து இன்னொரு முறை செய்தார்கள். அதன்பிறகு அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு மறுவாழ்வு இல்லத்தில் நடை பழகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிப்ரவரி கடைசி வரைக்கும் வீடு திரும்ப முடியாது என்றார்கள். ஞாயிறு தவறாமல் ஃபென்னா ரயிலில் போய்ப் பார்த்தாள். மற்ற நாளெல்லாம், ஆஸ்பத்திரியில் கிடந்த நாளிலிருந்தே, ஃபோன். காலை எட்டு மணி, மதியம் ஒரு மணி, மாலை ஆறு மணி.

"வெளியே எவ்வளவு?"

"மைனஸ் ரெண்டு."

"பெட்டிக்குள்ள?"

"நாலு."

"ப்ளஸ் நாலா, மைனஸ் நாலா? ஒழுங்கா சொல்லு ஃபென்னா, இது வெளையாட்டு இல்ல."

"ப்ளஸ்."

"ஈச்சைக்கு?"

"ரெண்டரை."

முதல் நாள் அவள் நிஜமாகவே ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போய், மூடியைப் போட்டு, பார்த்துத்தான் சொன்னாள். இரண்டாம் நாள் மழை. முந்தின நாள் எண்ணையே ஒரு டிகிரி ஏற்றி இறக்கிச் சொன்னாள். மூன்றாம் நாளிலிருந்து பூட்ஸைத் தொடவே இல்லை. சமையலறையில் சூடான தேநீர் பட்டுக் கற்கண்டு வெடிப்பதைக் கேட்டபடி, வாய்க்கு வந்ததைச் சொன்னாள். வெளிக்குளிர் மட்டும் டி.வி. செய்தியோடு ஒத்துப்போக வேண்டும்; அங்கே அவனும் பார்ப்பான். உள்ளே இருப்பது அவள் இஷ்டம். அரை டிகிரி சேர்த்துச் சொன்னால் அவன் இன்னும் சந்தோஷப்படுவான் என்று கண்டுகொண்டாள். அறுபத்தெட்டு வயது மனிதன் கட்டம் போட்ட நோட்டில் அந்த எண்களைப் புள்ளி புள்ளியாகக் குறித்து, கலர் பென்சிலால் கோடு இழுத்து, ஞாயிறுதோறும் அவளுக்கே காட்டினான். "பாரு, எவ்வளவு சீரா இருக்கு! தெர்மோஸ்டாட்டுன்னா இது தெர்மோஸ்டாட்டு." அவள் பார்த்தாள். அவள் சுட்ட கேக்கைக்கூட அவன் இவ்வளவு பாராட்டியதில்லை. அத்தனை வாரத்தில் ஒரு ஃபோனிலாவது, நீ எப்படி இருக்கே என்று அவன் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு முறை ஃபோனை வைத்ததும், கேட்கவில்லை என்பதை ஒருமுறை மனதில் குறித்துக்கொண்டாள்.

ஜனவரி நடுவில் டாக்டர் ரோல்ஃப்ஸ் வந்தார். முன்னாள் பல் மருத்துவர், வடகடல் பனை நண்பர்கள் சங்கத்தின் தலைவர். வீட்டு மணியை அடிக்காமல் நேரே தோட்டத்துக்குள் போய், இசபெல்லாவின் பெட்டியைக் கைத்தடியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபென்னா கதவைத் திறந்தாள்.

"மொயின், டாக்டர்" என்று ஊர் வழக்கப்படி வணக்கம் சொன்னாள். "அதுக்குப் பல்லு இல்ல."

அவர் சிரித்தார். உள்ளே வந்து தொப்பியை மேஜைமேல் வைத்தார். அந்த ஊரில் எந்த வீட்டிலும் விருந்தாளிக்கு மூன்று கோப்பை தேநீர் ஊற்றாமல் விடமாட்டார்கள். ஃபென்னா ஒன்று ஊற்றிவிட்டுக் கெண்டியைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தாள். ரோல்ஃப்ஸுக்கு அது உறைக்கவில்லை.

"திருமதி தீர்க்ஸ், ஒளிக்காம பேசுவோம். ஹாரோவால இனிமே ஏணி ஏற முடியாது. அது உங்களுக்கே தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சங்கத்துல பேசி வெச்சிருக்கோம். இசபெல்லா என்னோட கண்ணாடி வீட்டுக்கு. ஏப்ரல்ல கிரேன் கொண்டாந்து எடுத்துக்கறேன். சீனப் பனை ரெண்டும் எம்டென் ஊர்க்காரங்களுக்கு. ஈச்சைதான் இன்னும் முடிவாகல, ரெண்டு பேர் கேக்கறாங்க."

"ஹாரோகிட்ட பேசினீங்களா?"

"நோயாளியை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

"அவனுக்கு ஒடஞ்சது இடுப்பு, டாக்டர். நீங்க செத்தவன் சட்டையைப் பங்கு போடற மாதிரி பேசறீங்க."

"உணர்ச்சிவசப்படாதீங்க. பொம்பளைங்க கைக்கு ரோஜா சரி. பனைன்னா ஒழுங்கு வேணும், கவனம் வேணும். உங்க கையில அது சாகறதுக்கு முன்னால யாராவது காப்பாத்தணும் இல்லையா?"

ஃபென்னா அவரை நிதானமாகப் பார்த்தாள். ஹாரோ ஒரு முட்டாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் தன் கையால் குழி தோண்டிய முட்டாள், மரத்துக்காக விழுந்து எலும்பை ஒடித்துக்கொண்டவன். இது வேறு சாதிப் பிராணி. மற்றவன் வளர்த்ததை அவன் படுக்கையில் கிடக்கும்போது கைத்தடியால் தட்டிப் பார்க்கிற பிராணி. இத்தனை காலம் புருஷனுக்கு மட்டுமே ஒதுக்கி வைத்திருந்த இளக்காரத்தில் இன்னொருவருக்கும் இடமிருப்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த இடம் இன்னும் விசாலமாகவும் இருந்தது.

"டாக்டர், உங்க தொப்பி" என்று எடுத்து நீட்டினாள்.

அவர் கார் தெருமுனை திரும்பியதும் அவள் பூட்ஸை மாட்டினாள். ஆறு வாரத்துக்குப் பிறகு முதன்முறையாக ஈச்சையின் பாயைப் பிரித்தாள். அவசரத்தில் ஹாரோ உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாளையும் சுற்றியிருந்தான்; வெயில் வரும் நாளில் திறந்து காற்றுக் காட்டு என்று ஃபோனில் பத்து முறை சொல்லியிருந்தான். "காட்டிட்டேன்" என்று பத்து முறையும் அவள் சொல்லியிருந்தாள். உள்ளேயிருந்து நாறிய மீன் வாடை அடித்தது. நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தாள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது, அடி பழுப்பாகக் கூழாகியிருந்தது. குருத்து போனால் மரம் போச்சு. அது அவளுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தப்பு அவளுடையதுதான், வேறு யார்மேல் போட? பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, உருவிய குருத்தைத் திரும்ப அதே இடத்தில் செருகி, பாயை இழுத்துக் கட்டினாள்.

சீனப் பனைகளுக்கு ஒன்றுமில்லை. இசபெல்லாவின் குருத்தை இழுத்தாள்; கல்லில் நட்டதுபோல் நின்றது.

"நீ அந்தாளு வீட்டுக்குப் போகமாட்ட" என்றாள் ஃபென்னா. ஒரு மரத்தோடு பேசியதற்காக உடனே தன்மேலேயே அருவருப்புப் பட்டாள்.

ஜனவரி இருபத்தைந்தாம் தேதி கிழக்கிலிருந்து காற்று திரும்பியது. மறுநாள் காலை மைனஸ் பதினொன்று. அதற்கு மறுநாள் பதினாறு. கால்வாய் உறைந்து, ஊரே ஸ்கேட்டிங் போனது. ஃபென்னா பெட்டியின் கதவைத் திறந்து பார்த்தாள். ஒயர் சில்லென்று கிடந்தது. எலி கடித்திருந்தது, ஓரிடத்தில் இல்லை, ஏழெட்டு இடத்தில். கடையில் கேட்டால் புது ஒயர் வர இரண்டு வாரம் என்றார்கள். உதிரி ஒயர் கண்டிப்பாக ரோல்ஃப்ஸிடம் இருக்கும். அவரிடம் போய் நிற்பதைவிட அந்தப் பெட்டிக்குள் தானே ஏறி உட்கார்ந்து மூச்சால் சூடேற்றலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஃபென்னா மாட்டுப் பண்ணையில் பிறந்தவள். உறைபனியில் பிறந்த கன்றை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியும்: காய்ந்த வைக்கோல், காற்றுத் தடுப்பு, வெந்நீர். தெர்மோஸ்டாட் கிடையாது. வாசலில் குடை போட்டு வைத்திருந்த இரண்டு பழைய பால் கேன்களைக் கவிழ்த்துக் கழுவினாள். ஜாம் பாட்டில் வேகவைக்கிற பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கேன்களில் ஊற்றி, மூடியை இறுக்கினாள். ஒரு கேன் இருபது லிட்டர். அதைத் தூக்கத்தான் முடியவில்லை. பக்கத்து வீட்டு வீப்கே வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பேரன்களின் சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னடி பண்ற? பொணத்தை மறைக்கறியா?"

"பேசாம அந்தப் பக்கம் புடி."

இருவரும் கேன்களை வண்டியில் ஏற்றி இழுத்துப்போய், கதவு வழியாகப் பெட்டிக்குள் தள்ளி, சுற்றிலும் வைக்கோலைத் திணித்து, மூடிமேல் இரண்டு மெத்தைப் போர்வைகளைப் போர்த்தினார்கள். ஹாரோவின் போர்வை ஒன்று, அவளுடையது ஒன்று.

"அவனுக்காகவா இவ்வளவு பாடு?" வீப்கே மூச்சு வாங்கினாள். "உன் தங்கச்சி சாவுக்கே வராதவன்."

"ஹாரோவுக்கா!" ஃபென்னா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பல்லுப் புடுங்கி சொன்ன வார்த்தை பலிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, இருட்டுவதற்குள் ஒரு தடவை. ஒன்பது நாள். ஐந்தாம் நாள் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நாற்காலியிலிருந்து எழ மேஜையைப் பிடிக்க வேண்டியிருந்தது. அன்றும் மணி அடித்தது.

"பெட்டிக்குள்ள?"

"நாலு."

"மைனஸ் பதினாறுலயும் நாலா! ஒயர்னா இதுதான் ஒயர்! நர்ஸுகிட்ட காட்டப் போறேன்."

"காட்டு" என்றாள் ஃபென்னா.

ஒயர் செத்ததை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சக்கர நாற்காலியோடு ரயிலேறிவிடுவான், அப்புறம் அவனையும் சேர்த்து வண்டியில் வைத்து இழுக்க வேண்டும்.

பிப்ரவரி கடைசியில் ஹாரோ நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினான். கோட்டைக் கழற்றவில்லை, வீட்டுக்குள் கால் வைக்கவில்லை, நேரே தோட்டம். கேன்களும் போர்வைகளும் முன்பே உள்ளே போயிருந்தன. இசபெல்லாவின் குருத்தைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. அவன் கண்ணில் நீர் முட்டியது. ஈச்சையிடம் போனான். குருத்து கையோடு வந்தது.

"எப்படி?" அதைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். "ரெண்டரைக்குக் கீழ போகவே இல்லையே!"

"அழுகிடுச்சு" என்றாள் ஃபென்னா.

எலி கடித்த ஒயரைச் சுருட்டும்போது மட்டும் கொஞ்சம் யோசித்தான். "நேத்து முந்தாநாள்தான் கடிச்சிருக்கணும்" என்று தனக்குத்தானே முடிவு கட்டிக்கொண்டான்.

மார்ச் மாதச் சங்கக் கூட்டம் ஒரு விடுதியின் பின்கூடத்தில் நடந்தது. முப்பது பேர். தட்டுகளில் சுருட்டைக்கீரையும் கொழுப்பு சாசேஜும். ஹாரோ கைத்தடி ஊன்றி எழுந்து, தன் வரைபடத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினான். சிவப்புக் கோடு இசபெல்லா, பச்சைக் கோடு ஈச்சை. கோட்டுக்கு இருநூற்றுச் சொச்சம் புள்ளிகள். "தூரத்திலிருந்தே பனை காப்பது எப்படி" என்று தலைப்பு. ரோல்ஃப்ஸ் முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தார்; இசபெல்லா கை நழுவிப் போனாலும் வரைபடத்தில் பங்கு கேட்கலாம் என்ற முகம்.

கடைசியில் ஹாரோ நன்றி சொன்னான். தெர்மோஸ்டாட்டுக்கு, தெர்மாகோலுக்கு, சங்கத்துக்கு. "அப்புறம், எண்களைப் பார்த்து வாசிச்சுச் சொன்ன என் மனைவிக்கும்."

ஃபென்னா முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் எதையும் வாசிக்கல. அந்த எண்ணெல்லாம் நானா சொன்னது. சமையக்கட்டுல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே சொன்னது."

யாரோ ஒருவர் மென்றதை விழுங்கினார்.

"ஒயர் ஜனவரியிலேயே போச்சு. எலி. உங்க இசபெல்லா பொழைச்சது பால் கேன்ல ஊத்தின வெந்நீரால. ஈச்சை செத்தது என்னால. நான் ஆறு வாரம் போய்ப் பார்க்கல."

"வெந்நீரா?" என்றார் எம்டென்காரர் ஒருவர். "எத்தனை டிகிரின்னு எழுதி வெச்சீங்களா?"

"இல்ல."

"எத்தனை மணிக்கு ஊத்தினீங்கன்னாவது?"

"தண்ணி கொதிச்சதும் ஊத்தினேன்."

ரோல்ஃப்ஸ் எழுந்து புன்னகைத்தார். "திருமதி தீர்க்ஸ் நல்ல நகைச்சுவைக்காரங்க. பாவம், நீண்ட குளிர்காலம். ஆனா நண்பர்களே, நம்ம முன்னால தெளிவான ஒரு ஆவணம் இருக்கு. எழுதி வெக்காததை நாம எப்படி ஏத்துக்கறது? ஈச்சை விஷயம் சுலபம்: இந்த அளவு சூட்டுல செத்திருக்குன்னா, வாங்கின நாற்றங்கால்லயே நோய் இருந்திருக்கு."

கை தட்டினார்கள். வரைபடத்தைச் சங்க இதழில் அச்சிடுவது என்று முடிவாயிற்று. ஃபென்னா உட்கார்ந்து சாசேஜை முடித்தாள். முப்பது வளர்ந்த மனிதர்கள். சுவரில் அவள் வாய்க்கு வந்த பொய் சிவப்பும் பச்சையுமாக எரிந்துகொண்டிருந்தது, அவர்கள் அதை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் அவள்தான் காரை ஓட்டினாள். ஹாரோ நோட்டை மடியில் விரித்து வைத்திருந்தான்.

"எல்லாமேவா?" என்றான்.

"வெளியே உள்ளது டி.வி. சொன்னது. உள்ளே உள்ளது நான் சொன்னது."

"ஜனவரி முப்பத்தொண்ணு... ப்ளஸ் நாலு..."

"அன்னிக்கு கேன் இழுத்து இழுத்து எனக்கு முதுகு புடிச்சுக்கிச்சு. எந்திரிக்க முடியல. நீ கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்."

"முதுகைப் பத்தியா?"

"முதுகைப் பத்தி."

அவன் ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். ஏதோ சொல்ல வருகிறான் என்று தெரிந்தது. ஃபென்னா தன்னையறியாமல் வேகத்தைக் குறைத்தாள்.

"அந்த கேன்..." என்றான் ஹாரோ. "உள்ள வெக்கும்போது தண்ணி ஒரு தொண்ணூறு டிகிரி இருந்திருக்குமா?"

ஃபென்னா மறுபடியும் வேகத்தைக் கூட்டினாள். வீடு வரை குறைக்கவில்லை.

மறுநாள் காலை மாடியிலிருந்து இறங்கும்போது அவன் ரோல்ஃப்ஸோடு ஃபோனில் பேசுவது கேட்டது. "அந்தப் படம் வேணாம் டாக்டர். அது பொய். அவ சொன்னதுதான் நெஜம்... அச்சுக்குப் போனா என்ன, நிறுத்துங்க... சங்கத்து முடிவா? என் படம், எங்க வீட்டுப் பொய், அதுக்கு உங்க சங்கம் எப்படி முடிவு பண்ணும்?" ஃபோனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், காதெல்லாம் சிவந்திருந்தது. ஃபென்னா ஒன்றும் கேட்காததுபோல் சமையலறைக்குப் போனாள். அன்று அவனுக்கு ரொட்டியில் வெண்ணெயை அவளே தடவிக் கொடுத்தாள், அதுவும் தாராளமாக. மறுநாளிலிருந்து பழையபடி அவனே தடவிக்கொண்டான்.

படம் ஏப்ரல் இதழில் முழுப் பக்கத்துக்கு வந்தது. கீழே ரோல்ஃப்ஸின் பெயர் முதலிலும் ஹாரோவின் பெயர் இரண்டாவதாகவும் இருந்தது.

அந்த அக்டோபரில் ஹாரோ ஏணிக்குக் கீழே வந்து நின்று அவளைப் பார்த்தான்.

"மாட்டேன்" என்றாள் ஃபென்னா. "நானும் ஏறமாட்டேன், உன்னையும் ஏற விடமாட்டேன்."

"அப்ப இசபெல்லா?"

"அவளையே கேளு."

சீனப் பனைகளை ஸ்டூலில் உட்கார்ந்தபடி எட்டிய வரைக்கும் சுற்றினான். இசபெல்லா வெறுமனே நின்றாள். நவம்பர் போனது, டிசம்பர் போனது. மழை, மழை, மேலும் மழை. அந்தக் குளிர்காலம் மைனஸ் மூன்றுக்குக் கீழே போகவே இல்லை. பெட்டி இல்லாமல், ஒயர் இல்லாமல், யாரும் எட்டிப் பார்க்காமல், தேன்பனை ஓலைகளை விரித்துக்கொண்டு பச்சைப் பசேலென்று நின்றது. ஜனவரியில் ஒரு நாள் ஹாரோ அதன் எதிரே கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். யாரோ அவனிடம் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விட்டதுபோல் முகம்.

"எப்படி நிக்குது பாரு" என்றான். "பதினேழு வருஷம் பார்த்துக்கிட்டவன்ங்கற நெனப்பே இல்லாம."

"அது மரம், ஹாரோ" என்று சொல்லிவிட்டு, ஃபென்னா முதுகுக்காக வாரா வாரம் போகும் நீச்சல்குளத்துக்கான பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருவில் காத்திருந்த வீப்கேயின் காரில் ஏறினாள்.